இரண்டு பக்கம், ஒரு டம்ளர் தண்ணீர்

அக்கா மகள் கல்யாணம் திருமங்கலத்தில் முடிந்த மறுநாள் காலை, அந்த ஒரு நாளை நோட்டில் ஒட்டி வைத்துவிடலாம் என்று மேசையில் உட்கார்ந்தேன். மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை, மதுரையிலிருந்து போன பஸ் டிக்கெட், தினசரிக் காலண்டரில் கிழித்த அன்றைய தாள், வீட்டுப் பிள்ளைகளின் மெழுகு கிரேயான், வாட்டர்கலர் டப்பா, ஒரு ஃபெவிகால் பாட்டில். நோட்டு, சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. இரண்டு பக்கத்தையும் விரித்து, மண்டப வாசலில் விழுந்த காலை வெயிலின் நிறத்தைக் கரைத்து ஒரே பூச்சாகப் பூசினேன். பத்து நிமிடத்தில் பக்கம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது.

இப்படி ஒட்டியும் பூசியும் கிறுக்கியும் நிரப்புகிற நோட்டை ஆர்ட் ஜர்னல் என்கிறார்கள். எதிரெதிரே விரிந்த இரண்டு பக்கமும் சேர்ந்தது ஒரு ‘ஸ்ப்ரெட்’. பல பொருள்களைக் கலந்து செய்வதால் மிக்ஸ்ட் மீடியா. இதைச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம். முதலில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, பிறகு காகிதத் துண்டு, பிறகு நிறம், கடைசியில் பேனா என்று அடுக்கு வரிசையைச் சொல்வார்கள். ஏன் அந்த வரிசை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. பல பக்கங்களைப் பாழாக்கிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்த மேசைக்கு வருகிற பொருள்களில் பாதிக்கு மேல் தண்ணீரில் ஏறித்தான் வருகின்றன. வந்த தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதில்தான் பக்கத்தின் தலையெழுத்து இருக்கிறது.

அப்பளத்திலிருந்தே தொடங்கலாம். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார் மரத்திலிருந்து வரலாம், பருத்தியிலிருந்து வரலாம். கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தும் எடுக்கிறார்கள். இந்த நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை அல்ல, ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொன்றும் மிக நலிவான பிடிதான்; எண்ணிக்கையில்தான் பலம். தண்ணீருக்கும் அதே வகைக் கை இருப்பதால் அது நார்களுக்கு நடுவே புகுந்து, பழைய பிடிகளை விடுவித்துத் தானே பற்றிக்கொள்கிறது. நார் ஊதுகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதுவதில்லை. குறுக்கே 15 முதல் 20 சதவீதம் வரை பருக்கும். நீளத்தில் ஒரு சதவீதம் நீண்டாலே அதிகம்.

நார்கள் தாறுமாறாகக் கிடந்தால் இதனால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. 1799இல் பிரான்சின் லூயி-நிக்கோலா ராபேர் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்தவைதான் இன்றைய காகித ஆலைகள். ஓடும் சல்லடைமேல் கூழை ஊற்றினால், ஆற்றில் மிதக்கும் வைக்கோல்போல நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்ளும். அதனால் தாள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விரியும்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு பைண்டிங் கடைக்காரர். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தாளுக்கும் வாக்கு உண்டு தம்பி. வாக்குத் தப்பி வெட்டுனா நோட்டு படிஞ்சு நிக்காது” என்றார். “எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?” என்றேன். ஒரு தாளை நீளவாக்கில் கிழித்துக் காட்டினார், நூல் பிடித்தமாதிரி நேராகக் கிழிந்தது. குறுக்குவாக்கில் கிழித்தார், கோணல்மாணலாக ஓடியது. நேராகக் கிழிகிற திசைதான் நார் போகிற திசை. அது நோட்டின் தையலுக்கு இணையாக மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போது ஈரத்தில் பருக்கும் தாள் விளிம்பை நோக்கி விரிந்துகொள்ளும். குறுக்கே ஓடினால் விரிய நினைக்கும் பக்கத்தைத் தையல் இறுக்கிப் பிடிக்கும். விரிந்த நீளத்துக்கு வேறு போக்கிடம் இல்லை, மேலே எழும்புகிறது. அதுதான் அப்பளம்.

தடித்த தாள் ஏன் தப்பிக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் வளைக்க எட்டு மடங்கு பலம் வேண்டும். சதுர மீட்டருக்கு 60 கிராமைச் சுற்றி எடையுள்ள பள்ளி நோட்டுத் தாளையும் 300 கிராம் வாட்டர்கலர் தாளையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது.

எழும்பிய பக்கம் காய்ந்த பிறகும் ஏன் படியவில்லை? தண்ணீர் வெளியேறும்போது நார்கள் மீண்டும் கைகோக்கின்றன, ஆனால் பழைய இடத்தில் அல்ல, அப்போது இருக்கிற கோணத்தில். இஸ்திரி போடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். பருத்திச் சட்டையும் செல்லுலோஸ்தான். தண்ணீர் தெளித்துப் பிடிகளை நெகிழவிட்டு, தட்டையாக அழுத்தியபடியே உலரவைத்தால் மடிப்பு போய்விடும். பக்கத்துக்கும் அதே வைத்தியம்: பின்பக்கம் லேசாக ஈரம் காட்டி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான அகராதியை ஏற்றி, ஓர் இரவு மறந்துவிட வேண்டும். அகராதிகளுக்கு இப்போது இந்த வேலையாவது இருக்கிறதே.

அடுத்த பக்கங்களில் நான் ஜெஸ்ஸோவுக்கு மாறினேன். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஜிப்சம் என்றுதான் பொருள். 1400ஆம் ஆண்டு வாக்கில் சென்னினோ சென்னினி எழுதிய ஓவியக் கைநூலில், ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் போட்டுத் தினமும் கிளறி, பிறகு விலங்குத் தோலில் காய்ச்சிய பசையோடு சேர்த்துப் பலகையில் பூசச் சொல்கிறார். அந்தப் பூச்சு பலகைக்குச் சரி; திறந்து மூடும் நோட்டில் பூசினால் விரிசல் விடும். இன்று டப்பாவில் வருவது வேறு சரக்கு. 1955இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் ‘லிக்விடெக்ஸ்’ என்ற பெயரில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை ஓவியர்களிடம் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த ஜெஸ்ஸோவில் அக்ரிலிக் பசை, சுண்ணாம்புக்கல் தூள், டைட்டானியம் டைஆக்ஸைடு என்ற வெண்பொடி மூன்றும் இருக்கும்.

‘கரையும்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் அக்ரிலிக் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல. ஒவ்வொரு பிளாஸ்டிக் மணியும் அவ்வளவு பொடி, ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 10,000 மணிகளை வரிசை கட்டலாம். தண்ணீர் ஆவியாக ஆவியாக மணிகள் நெருங்குகின்றன, நெருங்கி நசுங்குகின்றன, நசுங்கிய மணிகளின் எல்லை அழிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே தோலாகிவிடுகின்றன. ஃபெவிகாலும் இப்படித்தான். ஈரத்தில் வெள்ளையாக இருந்தது காய்ந்ததும் கண்ணாடியாவது இதனால்தான்: தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அக்ரிலிக்கின் எண் 1.5க்குச் சற்றுக் கீழே. இரண்டும் கலந்து கிடக்கும்வரை ஒளி எல்லையெங்கும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எல்லை போனதும் வெண்மையும் போகிறது. ஜெஸ்ஸோ மட்டும் காய்ந்தும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் டைட்டானியப் பொடி. அதன் எண் 2.7 வரை போகும். வைரத்துக்கே 2.4தான்.

மணிகள் நசுங்க வேண்டுமென்றால் அவை இளகியிருக்க வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் அவை விறைத்துக்கொண்டு ஒட்டாமலே காயும், பூச்சு பொடிப்பொடியாக உதிரும். மதுரையில் இது கவலைப்பட வேண்டிய விஷயமே அல்ல. மார்கழி இரவில் கொடைக்கானலில் உட்கார்ந்து ஜர்னல் செய்கிறவர்கள் கவனிக்கலாம்.

ஜெஸ்ஸோவின் பலன் இரண்டு. அக்ரிலிக் தோல் அடுத்து வரும் தண்ணீரைச் சட்டென்று நாருக்குள் விடாது. சுண்ணாம்புத் தூள் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பைத் தரும். பென்சிலும் கிரேயானும் பிடித்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் ஜெஸ்ஸோவும் தண்ணீரில்தான் வருகிறது. தடிமனாக ஒரே முறை பூசினால் அது காக்க வந்த பக்கத்தையே சுருட்டிவிடும். மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் முழுக்க உலர நேரம், முடிந்தால் தாளின் பின்பக்கமும் ஒரு பூச்சு. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் தாள் நடுநிலையில் நிற்கும்.

விலை கட்டுப்படியாகாமல் ஃபெவிகாலில் முகப்பவுடர் கலந்து வீட்டு ஜெஸ்ஸோ செய்கிறவர்கள் உண்டு. நானும் செய்தேன். அப்போதைக்கு வேலை செய்யும். அதில் உள்ள பாலிவினைல் அசிடேட் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமிலத்தை விடக்கூடியது. அதை முறிக்க முகப்பவுடரால் ஆகாது, சுண்ணாம்புக்கல் தூளால் ஆகும். சாக்பீஸைப் பொடித்துப் போடலாமே என்று தோன்றும். கரும்பலகை சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதுவும் அமிலத்தை முறிக்காது. பெயரளவில் பார்த்தால் அதுதான் அசல் ஜெஸ்ஸோ என்பது வேறு வேடிக்கை.

இனி ஒட்டும் வேலை. முதலில் பத்திரிகை. அதை ஈர ஜெஸ்ஸோவின்மேல் வைத்ததும் மஞ்சள் தடவிய மூலை மெல்லச் சிவந்தது. ஆரத்தி கரைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறும். சுண்ணாம்புதான் என்றில்லை, எந்தக் காரம் பட்டாலும் மாறும். அக்ரிலிக் மணிகள் டப்பாவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அம்மோனியா போன்ற காரப் பொருள்களைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். திறந்ததும் மூக்கில் ஏறும் லேசான நெடி அதுதான். அது ஆவியாகிப் போனதும் சிவப்பும் பெரும்பாலும் மங்கி மஞ்சள் திரும்பியது. அந்த மஞ்சளும் நிலைக்காது. குர்குமின் வெளிச்சத்துக்குத் தாங்காத நிறம். திறந்தே வைத்திருந்தால் வெளுத்துவிடும். மூடி வைக்கிற நோட்டு என்பதால் சுவரில் மாட்டிய படத்தைவிட இதற்கு ஆயுள் கூடுதல்.

காலண்டர் தாள் கதை வேறு. மலிவான தாளில் மரத்தின் லிக்னின் நீக்கப்படாமல் இருக்கும். ஒளியும் காற்றும் பட்டு அது பழுப்பாகும். 1912இல் பிரான்சில் பிராக்கும் பிக்காசோவும் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள். பிக்காசோ தாராளமாகச் செய்தித்தாள் ஒட்டினார். அருங்காட்சியகங்களில் அந்தப் படங்களின் செய்தித்தாள் இன்று தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஜெஸ்ஸோவின் சுண்ணாம்பு அமிலத்தைத் தணிக்கும், வெளிச்சம் செய்வதைத் தடுக்காது. எனக்கென்னவோ பழுப்பாவது காலண்டருக்குப் பொருத்தமாகவே படுகிறது. நிறம் மாறக் கூடாது என்று நினைப்பவர்கள் நகலெடுத்து நகலை ஒட்டலாம்.

பசை விஷயத்தில் நான் பைண்டிங் கடைக் கட்சி. மைதாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால் 60 டிகிரியைச் சுற்றி ஸ்டார்ச் மணிகள் தண்ணீரைக் குடித்து வெடித்துக் கூழாகும். சினிமா போஸ்டர் ஒட்டுவதும் இதில்தான். பூச்சி, பூஞ்சை வராமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டாம். துத்தம் இல்லாத மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஈரம் காட்டினால் மறுபடி இளகும். பழைய ஆவணங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கோதுமை ஸ்டார்ச் பசையை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். ஃபெவிகால் அப்படித் திரும்பிக் கொடுக்காது.

எந்தப் பசையானாலும் தடவியவுடன் ஒட்டக் கூடாது. மெல்லிய தாள் பசையின் தண்ணீரைக் குடித்து விரிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் ஒட்டினால் பக்கத்தின்மேல் படுத்தபடி விரிந்து, சுருக்கம் விழும். விரிந்து முடிந்தபின் ஒட்டினால், காயும்போது மத்தளத் தோல்போல இழுத்துக்கொண்டு சமமாகும். இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற பெண்மணி 72 வயதில் வண்ணக் காகிதத்தை நறுக்கிப் பூக்களாக ஒட்டத் தொடங்கி, பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்களைச் செய்தார். 18ஆம் நூற்றாண்டின் அந்தப் பூக்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்னும் இருக்கின்றன. இதழின் நரம்புக்குக்கூடத் தனித்தனிக் காகிதத் துண்டு. அந்தப் பொறுமை எனக்கு வராது.

நிறத்துக்கு வருவோம். வாட்டர்கலரின் பசை அக்கேசியா மரத்தின் பிசின். அக்ரிலிக் மணிகளைப்போல ஒன்றாக உருகித் தோலாவது அதன் இயல்பல்ல. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அதனால் கீழே அக்ரிலிக், மேலே வாட்டர்கலர் என்றால் மேலே உள்ளதைத் துடைத்துத் திருத்தலாம். கீழே வாட்டர்கலர் இருந்து மேலே ஈரப் பூச்சு வந்தால் அடியில் இருப்பது எழுந்து வந்து கலங்கும். வரிசை விதிகளில் பாதி இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

ஜெஸ்ஸோவின்மேல் நிறம் குளம் கட்டி நிற்கும். உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் மேல்வழியாக ஆவியாகத்தான் போக வேண்டும். அப்போது காப்பி டம்ளர் மேசையில் விடும் வளையம் பக்கத்திலும் விழும். நடுவில் வெளிறி, விளிம்பில் கோடு போட்டதுபோல. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகன், சிட்னி நேகல் உள்ளிட்டோர் 1997இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு தாளின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பில் தண்ணீர் மெல்லிய படலம், அங்கேதான் ஆவியாவது வேகம். இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடிவருகிறது, நிறத்துகளையும் அள்ளிக்கொண்டு. தண்ணீர் பறந்துவிடுகிறது, துகள் கரையொதுங்குகிறது. வளையம் வேண்டாமென்றால் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் குளத்தின் விளிம்பை ஒற்றி எடுக்க வேண்டும்.

வேண்டும் என்கிறவர்களும் உண்டு. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில், 1954இல் இறக்கும்வரை, வைத்திருந்த நாட்குறிப்பு இந்தக் கலையின் பெரிய முன்மாதிரி. எழுத்து, வண்ண மை, கிரேயான், பென்சில் எல்லாம் அதில் உண்டு. சிந்திய மைக்கறை எந்த வடிவத்தில் ஊறியதோ அந்த வடிவத்துக்குக் கண்ணும் முகமும் வைத்து உருவமாக்கியிருப்பார். தண்ணீரைக் கட்டுப்படுத்துவதற்குப் பதில் அதன் பேச்சைக் கேட்டு வரைவது.

மெழுகு கிரேயானை நிறத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் இருக்கும் ஈர்ப்பு மெழுகோடு இல்லை. அதனால் படராமல் முத்து முத்தாகத் திரண்டு விலகும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. இலையில் மெழுகோடு நுண்ணிய மேடுகளும் உண்டு என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் விளக்கினார். கிரேயானில் அந்த மேடுகள் கிடையாது, எனவே நிறத்துளி கோட்டின்மேல் அங்கங்கே தங்கிவிடும். அழகுதான் அது. மணமேடை வாழைமரத்தை வெள்ளைக் கிரேயானில் வரைந்து மேலே பச்சையை ஓட்டினேன். கோடு வெள்ளையாக வெளியே வந்தது. அதே மெழுகின்மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காமல் உரிந்துவிடும். ஆயில் பேஸ்டல் இன்னும் மோசம், அதில் இருக்கும் எண்ணெய் உலரும் வகையே அல்ல. என்றைக்கும் கடைசி அடுக்காக மட்டும்.

பொறுமையில்லாமல் ஹேர் டிரையரை எடுத்தது அப்போதுதான். பச்சை காய்ந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த பஸ் டிக்கெட் கறுத்துவிட்டது. இப்போது கண்டக்டர் கையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் மை கிடையாது. தாளின் பூச்சிலேயே நிறமற்ற சாயமும் ஓர் அமிலப் பொருளும் தனித்தனியாகக் கிடக்கின்றன. சூடான அச்சுமுனை தொடும் இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகிறது. எழுத்து என்பது சுட்ட தழும்பு. நான் மொத்தத் தாளையும் சுட்டுவிட்டேன். சுடாமல் விட்டிருந்தாலும் சில மாதத்தில் தானாக வெளுத்திருக்கும். கைவிரலை நாக்கில் தொட்டுக் கிழித்துக் கொடுத்த பழைய அச்சு டிக்கெட்டுகளுக்கு இந்தக் கேடு இல்லை. என் அப்பாவின் புத்தகங்களுக்குள் அவை இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

கடைசியாக நோட்டை மூடுவது. பூச்சு காய்ந்துவிட்டதே என்று மூடினால் மறுநாள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒன்றின் தோலை மற்றொன்று உரித்துக்கொண்டு வரும். அக்ரிலிக் எப்போதும் கொஞ்சம் இளகிய நிலையில்தான் இருக்கிறது; அது விறைப்பாகும் வெப்பநிலை அறை வெப்பத்துக்கும் கீழே. ஸ்ப்ரெட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே அழுந்தும்போது, மணிகளைத் தோலாக்கிய அதே பின்னல் இரண்டு தோல்களுக்கு நடுவிலும் நடக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் தீர்ந்தது.

வைத்துவிட்டு, மூடுவதற்கு முன் கறுத்த டிக்கெட்டைப் பார்த்தேன். பிய்த்து எடுக்க மனம் வரவில்லை, ஃபெவிகால் விடவும் விடாது. வெள்ளை ஜெல் பேனா ஒன்று இருந்தது. அந்த மையின் வெண்மைக்கும் ஜெஸ்ஸோவின் அதே டைட்டானியப் பொடிதான். டிக்கெட்டின் கறுப்பின்மேல் எழுதினேன்: மதுரை – திருமங்கலம், காலை ஐந்தரை, ஜன்னல் சீட், அம்மா என் தோளில் தூங்கிவிட்டாள்.